சிவப்புத் தங்கத்துக்கு மின்தடைச் சோதனை: சௌகார்பேட்டைக் கூடம் எப்படி?

18 காரட் சிவப்புத் தங்கக் கம்பி இழுக்கும்போது முறிந்தால் பழி செம்பின் மேலோ பத்தரின் மேலோ விழும். பல நேரம் உண்மைக் காரணம் ஆறவைத்த விதம்தான். எடையில் 75-க்கு 25 கலந்தால் அணு எண்ணிக்கையில் தங்கமும் செம்பும் ஏறக்குறைய சரிபாதி. 410 டிகிரிக்குக் கீழே மெதுவாக ஆறினால் இரண்டும் மாறி மாறி வரிசையில் அமர்ந்து உலோகம் விறைத்துவிடும். அந்த ஒழுங்கு வர வர மின்தடை இறங்கும். அது எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை மின்தடையால் அளந்து தருகிறது மிண்ட் தெருவை ஒட்டிய இந்தச் சிறு கூடம்.

மின்சாரப் பக்கம் அருமை. 0.3 மி.மீ. கம்பியில் 50 மி.மீ. இடைவெளிக்கு, ஒழுங்கு இல்லாதபோது தடை சுமார் 0.1 ஓம், 100 மில்லியாம்பியருக்குக் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். மின்னோட்டத்தைத் திருப்பி இரண்டு முறை அளப்பதால் முனைகளில் எழும் வெப்ப மின்னழுத்தம் கழிந்துபோகிறது. உலையில் ஒவ்வொரு முறை சூடாக்கிய பிறகும் கம்பியைத் திரவ நைட்ரஜனில் முக்கி அளக்கிறார்கள். அந்தக் குளிரில் அணு அதிர்வால் வரும் தடை அடங்கிவிடும், ஒழுங்கால் வரும் இறக்கம் தெளிவாகத் தெரியும். முனைகள் ஈயப் பற்று இல்லாமல் ஸ்பாட் வெல்டிங்கில் இருப்பதும் சரி; ஈயப் பற்று 250 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்.

உலைதான் குறை. அதில் இருப்பது கே வகை தெர்மோகப்பிள், அதாவது இரு உலோகக் கம்பிகளை இணைத்து வெப்பநிலை அளக்கும் உணரி. அதன் நிக்கல்-குரோமியக் கம்பியிலேயே 250 முதல் 550 டிகிரிக்குள் அணு ஒழுங்கு மாறும், அளவு சில டிகிரி நகரும். நாலைந்து டிகிரி பிசகினாலே வேகக் கணக்கு கால் பங்குக்கு மேல் தவறும். பிளாட்டினம்-ரோடியம் எஸ் வகை கேளுங்கள். அவர்களிடம் அது இருந்தும், கேட்டால்தான் போடுகிறார்கள்.

அறிக்கையின் முதல் சில நிமிடப் புள்ளிகளை வைத்து வேகம் கணக்கிட வேண்டாம். தண்ணீரில் குளிர்த்தபோது உலோகத்துக்குள் சிக்கிய, அணு இல்லாத காலி இடங்கள் அணுக்களை அவசரமாக நகர்த்தும். கம்பி ஆர்கான் வாயு நிரப்பிய குழாயில்தான் சூடாகிறதா என்றும் பாருங்கள். செம்பு ஆக்ஸைடானால் கம்பி மெலிந்து தடை கூடும், ஒழுங்கால் வந்த இறக்கம் மறைந்துபோகும். நைட்ரஜனிலிருந்து எடுத்த கம்பியில் இந்தக் கடற்காற்றில் உடனே உறைபனி பிடிக்கும். அதை உலர்த்தாமல் உலைக்கு அனுப்பக் கூடாது.

பட்டறைக்காரர்களுக்கு நேரத்தோடு தடை மாறுவதைக் காட்டும் முழு வரைபடம் தேவையில்லை. தண்ணீரில் விட்ட துண்டு, மெதுவாக ஆறிய துண்டு, இரண்டையும் அளக்கச் சொன்னால் போதும். கம்பியைக் காய்ச்சி நேராக்கி எடுத்துப் போங்கள், வழியில் வளைக்காதீர்கள். வளைத்தால் அதுவே தடையைக் கூட்டும்.