ரேடியோகிராபி பட்டப்படிப்பு: சேர்ந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்

2016-ஆம் ஆண்டு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையிலான கலந்தாய்வு வழியாக, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு கல்லூரியில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை எடுக்கக் கற்றுத்தரும் பி.எஸ்சி. ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி படிப்பில் சேர்ந்தேன். மூன்றாண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப், அதன் பின் ஐந்தாண்டு வேலை என்று காலம் ஓடியிருக்கிறது. படிப்பு முடிந்த கையோடு இந்த அனுபவத்தை எழுதியிருந்தால் பெரும்பாலும் குறைகளையே எழுதியிருப்பேன். இன்று பார்க்கும்போது அவற்றுள் சில அப்படியே நிற்கின்றன. சிலவற்றைப் பற்றி என் கருத்து முழுவதுமாக மாறிவிட்டது.

முதலாண்டில் உடற்கூறியலும் உடலியங்கியலும் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பலர் தடுக்கி விழுந்தது இயற்பியலில்தான். மருத்துவம் கிடைக்காமல் உயிரியல் ஆர்வத்தோடு இந்தப் படிப்புக்கு வந்தவர்களுக்கு எக்ஸ்ரே குழாய்க்குள் எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் இலக்கில் மோதுவதும், கிலோவோல்ட் கதிரின் ஊடுருவும் திறனையும் மில்லியாம்பியர்-நொடி கதிரின் அளவையும் தீர்மானிப்பதும், தூரம் இரட்டிப்பானால் கதிர்ச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறைவதும் வெறும் தேர்வுக் கேள்விகளாகவே தோன்றின. எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிலோவோல்ட்டை 15 விழுக்காடு கூட்டினால் படத்தின் கருமை ஏறக்குறைய மில்லியாம்பியர்-நொடியை இரட்டித்ததற்குச் சமமாகும் என்ற விதியை மனப்பாடம் செய்த நாளில், அதே விதியை இரவுப் பணியில் மூச்சுத்திணறலோடு நிற்கும் ஒருவர் முன்னால் நொடிக்கணக்கில் பயன்படுத்துவேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. கதிர் பாயும் எக்ஸ்போஷர் நேரத்தைப் பாதியாக்கினால்தான் அவர் அசைவதற்குள் படம் கிடைக்கும். கருமை குறையாமல் அதைச் செய்ய வழி சொல்வது அந்த விதிதான்.

எனக்கு அப்போது மிகவும் கசந்தது, இருட்டறையில் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவியெடுக்கும் டார்க் ரூம் பாடம். நாங்கள் போஸ்டிங் என்னும் நேரடிப் பயிற்சிக்குச் சென்ற மருத்துவமனையில், ஃபிலிமுக்குப் பதிலாகப் படத்தைக் கணினிக்குத் தரும் சி.ஆர். கேசட்டுகள் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் டெவலப்பரில் என்ன இருக்கிறது, ஃபிக்ஸரின் வேலை என்ன, கரைசலின் வெப்பநிலை கூடினால் படம் எப்படிக் கெடும் என்று ஒரு பருவம் முழுவதும் படித்தோம். சிவப்பு விளக்கின் கீழ் நான் கைப்படக் கழுவியெடுத்த படங்கள் இருபதுகூட இருக்காது. அந்த நேரத்தை சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் செலவழித்திருக்கலாமே என்று ஆசிரியரிடம் வெளிப்படையாகவே கேட்டேன்.

இன்று அந்தக் கேள்வியை நான் கேட்க மாட்டேன். ஃபிலிமில் கதிர் கூடினால் படம் கருத்துப் போகும், குறைந்தால் வெளுத்துப் போகும். நாம் செய்த தவறு தொங்கும் படத்திலேயே தெரிந்துவிடும். டிஜிட்டல் முறையில் தேவைக்கு இரண்டு மடங்கு கதிர் கொடுத்தாலும் கணினி அதைச் சரிக்கட்டி அழகான படமாகத் தந்துவிடுகிறது. குறைவாகக் கொடுத்தால் மட்டுமே புள்ளிபுள்ளியாக இரைச்சல் தெரிகிறது. ஆகவே படம் குறைபட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தில் ரேடியோகிராபர்களின் கை தன்னையறியாமல் மேல்நோக்கியே நகர்கிறது. இதற்கு நோயாளி உடலால் விலை கொடுக்கிறார், அது அவருக்குத் தெரிவதும் இல்லை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும், கதிர் கூடியதா குறைந்ததா என்று காட்டும் எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்ததற்குக் காரணம், கருத்துப்போன ஃபிலிம் ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்ற அந்த டார்க் ரூம் பாடம்தான். டிஜிட்டல் கருவிகளோடு மட்டும் பயிற்சி பெற்று வரும் இளையவர்களிடம் இந்தப் பழக்கத்தை உண்டாக்க நான் பெரும்பாடு படுகிறேன்.

படிப்பின் உயிர் போஸ்டிங்கில்தான் இருக்கிறது. மார்பு எக்ஸ்ரேயைப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் படித்துவிடலாம். நோயாளி படம் பதியும் தட்டைப் பார்த்து நிற்க வேண்டும், குழாய் 180 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கைகளை இடுப்பில் ஊன்றித் தோள்களை முன்னால் உருட்டினால் தோள்பட்டை எலும்புகள் நுரையீரல் பரப்பிலிருந்து விலகிவிடும், காறை எலும்புகளின் உள்முனைகள் இரண்டும் முதுகெலும்பு நடுவிலிருந்து சம தூரத்தில் விழுந்தால் உடல் திரும்பவில்லை என்று பொருள். ஆனால் கூன் விழுந்த பாட்டி ஒருவரைத் தட்டின் முன் நிறுத்தி, "மூச்சை நல்லா இழுங்க பாட்டி, அடக்குங்க" என்று சொன்னதும் அவர் பயத்தில் மூச்சை வெளியே விட்டுவிடும்போது என்ன செய்வது என்பதை வகுப்பில் யாரும் சொல்லித் தர முடியாது. படம் எடுக்கும் முன் அவரோடு சேர்ந்து நானும் இரண்டு முறை மூச்சை இழுத்துக் காட்ட வேண்டும் என்பதை ஒரு மூத்த டெக்னீஷியனிடம் கற்றேன். கையை ஊன்றி விழுந்து வந்த ஓர் இளைஞருக்கு மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து எடுத்தால்தான் ஸ்கேபாய்டு எலும்பு நீளமாக விரிந்து தெரியும் என்பதையும், அந்த முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் 10 முதல் 14 நாள் கழித்துத் தெரியக்கூடும் என்பதையும் அவரே காட்டித் தந்தார்.

பெண்ணாக இந்தப் படிப்பில் நான் கற்றவற்றுள் முதன்மையானது ஒரு கேள்வியைக் கேட்கும் விதம். வயிறு, இடுப்புப் பகுதிகளில் படம் எடுக்கும் முன் கர்ப்பம் இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டாக வேண்டும். இளம்பெண் ஒருவர் மாமியாரோடு வந்திருக்கும்போது, "கடைசியா எப்போம்மா தலைக்குக் குளிச்சீங்க?" என்று வாசலில் வைத்துக் கேட்டால் உண்மையான பதில் வராது. துணைக்கு வந்தவரை வெளியே அமர்த்தி, கதவைச் சாத்தி, தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். பாடத்திட்டத்தில் இது ஒரு வரியாகத்தான் வருகிறது. ஒரு முழு வகுப்பு எடுக்கத் தகுந்த செய்தி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தை நான் கல்லூரியில் சேரும் முன்பே உறவினர்கள் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம் ஆகுமா, குழந்தை பிறக்குமா என்று பெரியம்மா அம்மாவிடம் கேட்டதை நான் மறக்கவில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, பணியாளருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இயற்கைப் பின்னணிக் கதிர்வீச்சே உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் அளவில் நமக்குக் கிடைக்கிறது. கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கியான லெட் ஏப்ரனுக்குள் மார்பருகே அணியும், நம்மீது பட்ட கதிரைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவிடப்பட்டு வரும். என் கணக்கில் கவலைப்படும்படியான எண் ஒருமுறைகூட வந்ததில்லை. கருவுற்றதை எழுத்தில் தெரிவித்த நாளிலிருந்து கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவெர்ட் என்பதை அறிந்தே என் பணியிடத்தை மாற்றிக் கேட்டுப் பெற்றேன். என் மகளுக்கு இப்போது இரண்டு வயது. பேட்ஜை அலமாரியில் தொங்கவிட்டுவிட்டு வேலை செய்பவர்களை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குறைகளில் இன்றும் மாறாதவை உண்டு. இரண்டாம் ஆண்டு போஸ்டிங்கில், அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள மாணவர்களை நிறுத்துவது எங்கள் மருத்துவமனையில் வழக்கமாக இருந்தது. ஊழியரோ மாணவரோ அதைச் செய்யக் கூடாது; தாயோ தந்தையோ ஏப்ரன் அணிந்து பிடிக்க வேண்டும் என்று காலையில் வகுப்பில் படித்துவிட்டு, மதியம் அதற்கு நேர்மாறாக நின்றோம். வார இறுதிகளில் நோயாளிகளின் சக்கர நாற்காலி தள்ளுவதிலேயே பொழுது போனது. அல்ட்ராசவுண்ட் கைப்பயிற்சி ஏறத்தாழ கிடையாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் கருவியை உரிய பயிற்சி பெற்ற மருத்துவர்களே இயக்குகிறார்கள். இதன் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் சேரும்போது இதை எவரும் சொல்லவில்லை, பல தோழியர் ஸ்கேன் எடுக்கும் வேலை என்று நம்பியே வந்திருந்தார்கள்.

எம்.ஆர்.ஐ. அறையில் நாங்கள் இருந்தது மொத்தம் மூன்று வாரம். 1.5 டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய முப்பதாயிரம் மடங்கு. அது படம் எடுக்காத வேளையிலும் அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்ஸிஜன் உருளையோடு அறைக்குள் நுழைந்த ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்த செய்தியை எங்கள் ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசினார். அந்த ஒரு மணி நேரம் மூன்று வாரத்துக்குச் சமம்.

இன்டர்ன்ஷிப்பின் நடுவில் 2020 மார்ச் ஊரடங்கு வந்தது. கவச உடைக்குள் வியர்த்தபடி வார்டு வார்டாகப் போர்ட்டபிள் கருவியைத் தள்ளிச் சென்றதும், ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் சி.டி. மேசையைத் துடைத்ததும் என் கை வேகத்தையும் நிதானத்தையும் ஒருசேர வளர்த்தன. அந்தக் காலத்தில்தான் "என்னம்மா தெரியுது படத்துல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பழகினேன். அறிக்கை தருவது ரேடியாலஜிஸ்ட்டின் பொறுப்பு. படத்தில் நுரையீரல் சுருங்கி, அதைச் சுற்றி மார்புக்குள் காற்று நிறைந்திருப்பது தெரிந்தால் உடனே மருத்துவரை அழைப்பது என் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் முகத்தில் எதையும் காட்டாமல், "படம் தெளிவா வந்திருக்கு, டாக்டர் பார்த்துச் சொல்லுவாங்க" என்று பரிவோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊதியத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வேலையில் மாதம் 12,000 ரூபாய் வாங்கினேன்; இரண்டாண்டு டிப்ளமோ முடித்தவருக்கும் அதே தொகைதான். 2021-இல் நிறைவேறிய தேசிய இணைநிலை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் எங்கள் தொழிலையும் பட்டியலில் சேர்த்தது. முறையான பதிவேடு நடைமுறையில் வேரூன்றினால் தகுதியில்லாதவர்கள் பொத்தானை அழுத்துவது குறையும் என்று எதிர்பார்க்கிறேன்.

சேர எண்ணுபவர்கள் கல்லூரியின் கட்டடத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒரு வேலை நாளின் காலை பத்து மணிக்கு அதன் மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவின் வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். வெளியே எத்தனை நோயாளிகள் காத்திருக்கிறார்கள், உள்ளே ஒரு மேசையைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு வெளியே வரும் ஒரு மூன்றாமாண்டு மாணவியிடம், நேற்று நீங்களாகவே எத்தனை படம் எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.