தூர்னைசனின் பழைய ஐரிஷ் இலக்கணம்: வினைச்சொல் பகுதிக்காகவே வாங்கலாம்

அயர்லாந்தில் இடைக்காலத்தின் தொடக்கத்தில் வழங்கிய பழைய ஐரிஷ் மொழியைக் கற்கத் தொடங்குபவரை முதலில் திணறடிப்பது அதன் வினைச்சொல்தான். 'பெரித்' என்றால் 'சுமக்கிறான்'. அதன் முன் 'நீ' என்னும் எதிர்மறைச் சொல் வந்தால் விகுதி உதிர்ந்து 'நீ பெர்' என்றாகும். முன்னொட்டுப் பெற்ற வினைகளில் மாற்றம் இன்னும் கடுமையானது: 'தொபெர்' என்பது 'கொடுக்கிறான்', 'கொடுப்பதில்லை' என்பதோ 'நீ தவர்'. அகராதியில் முதல் வடிவமே தலைச்சொல்லாக இருப்பதால், 'தவர்' என்பதைப் படித்தவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவது என்று தெரியாமல் நிற்பார். நானும் பல மாலைகள் அப்படி நின்றிருக்கிறேன்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது மொழியியலாளர் ருடால்ஃப் தூர்னைசனின் இலக்கண நூல். அது 1909-இல் ஜெர்மன் மொழியில் வந்தது; அதன் பின்னர் விரிவாக்கப்பட்ட வடிவத்தை டி. ஏ. பின்ச்சியும் ஆஸ்பர்ன் பெர்கினும் ஆங்கிலத்தில் பெயர்க்க, டப்ளின் உயராய்வு நிறுவனம் 1946-இல் வெளியிட்டது. 1940-இல் மறைந்த ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை.

வடிவங்களை அடுக்குவதோடு நில்லாமல் காரணத்தையும் சொல்வதே இந்நூலின் பெருஞ்சிறப்பு. செய்தி வாக்கியத்தின் தொடக்கத்தில் வினை நிற்கும்போது முதல் முன்னொட்டின் மேல் அழுத்தம் விழுவதில்லை; அடுத்த உறுப்பின் மேல்தான் விழுகிறது. ஆகவே 'தொ', 'பெர்' இரண்டும் தெளிவாகக் கேட்கின்றன. முன்னே 'நீ' வந்ததும் அழுத்தம் முன்னொட்டுக்கு நகர்கிறது; 'பந்து' என்பதில் கேட்கும் தகர ஒலி 'தலை' என்பதில் கேட்கும் ஒலியாக மாறுகிறது, உயிர்களுக்கு நடுவில் அகப்பட்ட பகரம் வகரமாக நெகிழ்கிறது, கடைசி அசை மங்கி 'தவர்' பிறக்கிறது. அழுத்தம் பெறும் அசைக்கு முன் நூல் இடும் சிறு புள்ளியைக் கவனிக்கப் பழகிய பிறகு, புதிய வினைகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடிந்தது.

'என்னை', 'உன்னை' போன்ற பொருள் தரும் சிற்றுறுப்புகள் முன்னொட்டுக்கும் வினைக்கும் நடுவே நுழைவதையும், முன்னொட்டில்லாத வினையில் அவற்றைத் தாங்க 'நொ' என்னும் பொருளற்ற அசை வந்து நிற்பதையும் விளக்கும் பக்கங்களை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'தேத்' (போகிறான்), 'லுத்' (போனான்), 'ரெகத்' (போவான்) என்று ஒரே வினை வெவ்வேறு வேர்களிலிருந்து வடிவம் பெறுவதும் இங்கே விளங்குகிறது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை வூர்ட்ஸ்பர்க், மிலான், செயின்ட் கால் நகரங்களில் உள்ள ஏடுகளின் ஓரங்களிலும் வரிகளுக்கிடையிலும் ஐரிஷ் துறவிகள் எழுதிய உரைக்குறிப்புகளிலிருந்து வந்தவை. செயின்ட் கால் ஏடு பிரிசியனின் லத்தீன் இலக்கணம் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. அன்று ஓர் இலக்கண மாணவர் தம் மொழியில் எழுதிக்கொண்ட குறிப்பே இன்று அம்மொழியின் இலக்கணத்துக்குச் சான்றாக நிற்கிறது.

குறைகளும் உண்டு. பயிற்சிகள் இல்லை. லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருத ஒப்பீடுகள் வாசகருக்கு முன்பே பழக்கம் என்று நூல் எடுத்துக்கொள்கிறது. 'பெரித்', 'பெர்' என்னும் இருவகை விகுதிகள் எவ்வாறு தோன்றின என்பது குறித்துப் பிற்காலத்தில் எழுந்த விவாதங்கள் இதில் இருக்க வழியில்லை.

எனவே எளிய பாடநூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைப் படிக்கப் பரிந்துரைக்கிறேன். முதலில் அழுத்தம் பற்றிய பகுதி, அடுத்து இடையே நுழையும் அந்தச் சிற்றுறுப்புகள், அதன் பிறகே வினை வாய்பாடுகள் என்ற வரிசை எனக்கு உதவியது.