அம்மாவின் கையில் பதினான்கு நாள்: தோலில் ஒட்டும் சர்க்கரை சென்சார்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் சென்ற இரண்டு கோடைகளாக விடியற்காலையில் அம்மாவின் தலையணை உறை நனைந்து கிடக்கும். கடலோரப் புழுக்கம் என்று முடிவுகட்டி மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினோம். பிறகு கால்மாட்டில் ஒரு மேசை விசிறியையும் வைத்தோம். எழுபத்தொரு வயதான அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. வெறும் வயிற்றில் எடுக்கும் அளவு 120-ஐ ஒட்டியே இருந்தது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.1 என்று வந்தது. இந்த வயதுக்கு இது நல்ல கட்டுப்பாடு என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். அந்த ஈரம் புழுக்கத்தால் வந்ததன்று என்பதை, பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய ஒரு வில்லை, மேற்கையில் ஒட்டிய ஆறாம் நாள் இரவில் காட்டிக்கொடுத்தது. இந்த மதிப்புரை அந்த வில்லையைப் பற்றியது. எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று எழுதவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் பொதுவானவை.

சி.ஜி.எம். என்று மருந்துக்கடைகளில் சொல்லப்படும் இந்தத் தொடர் சர்க்கரை சென்சாருக்கு நான் கொடுத்த விலை 4,800 ரூபாய். பெட்டிக்குள் வில்லையும், அதைக் கையில் பதிக்கும் கிண்ணம் போன்ற கருவியும் இருக்கின்றன. மேற்கையின் பின்புறத்தை ஸ்பிரிட் கொண்டு துடைத்து, நன்றாக உலரவிட்டு, கிண்ணத்தை வைத்து அழுத்தினால், ஊசி ஒன்று உள்ளே போய்த் தலைமுடி போன்ற ஓர் இழையைத் தோலுக்கு அடியில் சுமார் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறது. அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். முடிந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும், "குத்துடா, சீக்கிரம்" என்றார். விரலில் குத்தும்போது முகம் சுளிப்பவருக்கு இது தெரியவே இல்லை. ஒரு மணி நேரத்தில் கைப்பேசியில் எண்கள் வரத் தொடங்கின. ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண் என்று கொண்டால் ஒரு நாளைக்கு 288 அளவுகள் கிடைக்கின்றன. சுகர் மெஷினில் நாங்கள் எடுத்துவந்தது வாரத்துக்கு மூன்று.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன். ஆகவே அந்த இழையின் நுனியில் நடப்பதைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. அங்கே குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி பூசப்பட்டிருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கரும்பூஞ்சையிலிருந்து கிடைக்கும் இந்த நொதி, எத்தனையோ பொருள்கள் கலந்த உடல் நீரில் குளுக்கோசை மட்டும் இனங்கண்டு அதனிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பறித்துக்கொள்கிறது. இந்த நொதியை மின்முனையோடு சேர்த்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் 1962-இல் எழுதினார்கள். தொடக்கக் கால முறையில் அந்த எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்குப் போய் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும். அந்தப் பெராக்சைடை அளக்க 0.6 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தேவைப்படும். அந்த மின்னழுத்தத்தில், தலைவலிக்கு விழுங்கிய பாராசிட்டமாலும் மின்முனையில் எலக்ட்ரானை இழந்து, சர்க்கரை ஏறியதுபோல் பொய்க்கணக்குக் காட்டும். 1984-இல் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தை இடைத்தரகராக வைத்து இங்கிலாந்தில் ஒரு வழி கண்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஹெல்லர் இன்னும் ஒரு படி மேலே போய், ஆஸ்மியம் அணுக்களை இடைவெளி விட்டுக் கோத்த ஒரு பாலிமர் இழையைத் தொகுத்து, அதனால் நொதியை மின்முனையோடு நேரடியாகக் "கம்பி கட்டினார்". காசிமேட்டில் படகிலிருந்து ஏலத்தளம்வரை ஆட்கள் வரிசையாக நின்று மீன்கூடையைக் கைமாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: ஓர் ஆஸ்மியம் அணு எலக்ட்ரானை வாங்கி அடுத்ததிடம் கொடுக்கிறது, அது அதற்கடுத்ததிடம். ஆக்சிஜனும் வேண்டியதில்லை, உயர்ந்த மின்னழுத்தமும் வேண்டியதில்லை. மூட்டுவலிக்காக அடிக்கடி பாராசிட்டமால் போடும் அம்மாவுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால், இந்த வகையிலும் வைட்டமின் சி-யை அதிக அளவில் மாத்திரையாக விழுங்கினால் எண் கூடுதலாகக் காட்டும். வாங்குமுன், உங்கள் மாத்திரைப் பட்டியலைப் பெட்டியோடு வரும் எச்சரிக்கைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் இரவே, சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது என்று அலாரம் அடித்தது. திரையில் 54. பதறியடித்து விரலில் குத்திப் பார்த்தால் சுகர் மெஷின் 96 காட்டியது. அம்மா இடப்பக்கமாக ஒருக்களித்து, சென்சார் ஒட்டிய கையின் மேலேயே படுத்திருந்தார். சென்சார் அளப்பது இரத்தத்தை அன்று. செல்களுக்கு இடையே ஊறும் நீரை. உடல் பாரம் அழுத்தும் இடத்தில் அந்த நீருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்து சேர்வது குறையும். கருவி பொய்யாகத் தாழ்ந்த எண்ணைக் காட்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த முதல் எண்ணை நம்பிச் சர்க்கரை கரைத்துக் கொடுத்திருந்தால் அளவு தேவையில்லாமல் ஏறியிருக்கும். அன்றிலிருந்து அம்மாவை வலப்பக்கமாகப் படுக்கச் சொன்னோம். ஆறாம் நாள் இரவு 2.40-க்கு மீண்டும் அலாரம். திரையில் 61, விரலில் 63. கை விளக்கை அடித்துப் பார்த்தேன். நெற்றியோரத்து நரைமுடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. கழுத்துக்கடியில் தலையணை உறை ஈரம். அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி உட்காரவைத்ததும், "கரண்டு போயிடுச்சாடா?" என்று கேட்டார். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்த்தபோது 92.

அந்தத் தாழ்நிலை அவரை ஏன் தானாக எழுப்பவில்லை என்பதற்கு நரம்பியல் தரும் விடையை நான் அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். உடல் எடையில் இரண்டு சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதன் முதன்மை எரிபொருள் குளுக்கோஸ். ஆகையால் சர்க்கரை தாழ்ந்தால் அதை உணரும் நரம்பணுக்கள் மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமசில் இருக்கின்றன. அவை தன்னியக்க நரம்புகளைத் தூண்டி, அட்ரினலினையும் சுரக்கவைத்து, நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி ஆகியவற்றால் ஆளை எச்சரிக்கின்றன. ஒருமுறை சர்க்கரை தாழ்ந்துபோனால், மறுநாள் அதே அளவுக்குத் தாழும்போது அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே ஃபிலிப் கிரையரின் குழு ஆய்வில் காட்டிய செய்தி. தூக்கமும் அதை மேலும் மழுக்குகிறது. அம்மாவுக்கு மற்றொன்றும் சேர்ந்திருந்தது: இரத்த அழுத்தத்துக்காக அவர் எடுத்துக்கொள்ளும் பீட்டா பிளாக்கர் மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். அது மறைக்காத முக்கிய அறிகுறி வியர்வை. இரண்டு கோடைகளாக எங்களுக்கு எச்சரிக்கை வந்துகொண்டேதான் இருந்தது. அதை நாங்கள் விசிறி வைத்து உலர்த்திக்கொண்டிருந்தோம்.

நல்ல செய்தியும் அதே ஆராய்ச்சியில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரங்கள் தாழ்நிலை வராமல் பார்த்துக்கொண்டால், மங்கிய உணர்வு பெரிதும் திரும்பிவிடுகிறது.

பதினான்கு நாள் முடிந்ததும் செயலி ஓர் அறிக்கை தந்தது. அம்மாவின் சர்க்கரை 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்த நேரம் 64 சதவீதம், 180-க்கு மேல் 31, 70-க்குக் கீழ் 5. ஐந்து சதவீதம் சிறிய எண்ணாகத் தோன்றும். ஒரு நாளுக்கு எழுபத்திரண்டு நிமிடம் அது. பன்னாட்டு நிபுணர்கள் 2019-இல் வகுத்த அளவுகோலின்படி, முதியவர்களுக்கு இலக்குக்குள் பாதி நேரம் இருந்தாலே போதும். ஆனால் 70-க்குக் கீழே ஒரு சதவீதத்துக்கும், அதாவது ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கும், குறைவாகவே இருக்க வேண்டும். எச்பிஏ1சி 7.1 என்பது சராசரி 157-ஐக் குறிப்பது. பகலில் 240-க்கு ஏறி இரவில் 60-க்கு இறங்குபவருக்கும், நாள் முழுதும் 157-ஐ ஒட்டி இருப்பவருக்கும் அந்தச் சராசரி ஒன்றுபோலவே வரும். அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனோம். அவர் காலைச் சிற்றுண்டிக்குப் பின் வரும் ஏற்றத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. இரவு வரைபடத்தில் பள்ளம் விழுந்த நான்கு இடங்களில் பேனாவால் வட்டமிட்டு, இன்சுலினைச் சுரக்கத் தூண்டிச் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையின் இரவு வேளையை நிறுத்தினார். இதை வீட்டில் நாங்களாகச் செய்திருக்கக் கூடாது. வாசிப்பவர்களும் செய்யக் கூடாது.

உணவைப் பற்றித் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் உண்டு. வியாசர்பாடி பி.வி. காலனியிலிருந்து, 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்களோடு வந்த அத்தோவை என் தம்பி வாங்கி வந்திருந்தான். நூடுல்சும் முட்டைக்கோசும் வறுத்த பூண்டும் புளித்தண்ணீரும் கலந்த அந்தத் தட்டில் அம்மா பாதிதான் சாப்பிட்டார். 212 வரை போய் இறங்கியது. சர்க்கரைக்கு நல்லது என்று நாங்கள் நம்பித் தம்ளர் தம்ளராகக் கொடுத்துவந்த கேழ்வரகுக் கூழ் 236-க்குக் கொண்டுபோனது. மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சியது வேகமாகச் செரிக்கிறது என்பது காரணமாக இருக்கலாம். சோற்றைக் குறைத்து நெத்திலிக் குழம்பும் கீரையும் கூட்டிய மதியங்கள்தான் வரைபடக் கோட்டைச் சாந்தமாக வைத்திருந்தன. ஒருவர் உடலில் பதினான்கு நாள் கண்டது இது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு மாதிரி இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். நாங்கள் முதலில் வாங்கிய சென்சார் இரண்டாம் நாளே நின்றுபோனது. முப்பது டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியில் அச்சிட்டிருக்க, மே மாதத்தில், ஏ.சி. இல்லாத கடையில், வெயில் விழும் கண்ணாடி அலமாரியிலிருந்துதான் அதை எடுத்துத் தந்தார்கள். நொதி ஒரு புரதம்; வெப்பம் அதைக் கெடுக்கும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவனும் சொல்வான். கடையில் மாற்றித்தர மறுத்தார்கள். வாடிக்கையாளர் எண்ணில் மூன்று நாள் பேசிய பிறகே மாற்று வந்தது. வாங்கும்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு, கண்ணால் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது குறை, ஒட்டுப்பசை. நம் ஊர் வியர்வைக்கு அது ஈடுகொடுப்பதில்லை. ஒன்பதாம் நாள் ஓரம் கிளம்பியதால் மருத்துவ டேப்பால் சுற்றிலும் ஒட்டினோம். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்: செயலியில் தமிழ் இல்லை. தன் உடம்பைப் பற்றிய அறிக்கையை அம்மாவால் படிக்க முடியவில்லை. எண்களை மட்டும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. மருத்துவர் எம். விசுவநாதன் 1954-இல் ராயபுரத்தில் தொடங்கிய பொது மருத்துவமனை 1971-இல் நீரிழிவுக்கென்றே ஆன வடசென்னைக்கு, இந்த நோயைத் தமிழில் விளக்கிச் சொல்வது புதிதன்று. அதை ஒரு கைப்பேசிச் செயலியும் செய்ய முடியும். செய்தே ஆக வேண்டும்.

ஆண்டு முழுதும் அணிவதென்றால் மாதத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய் ஆகும். கொருக்குப்பேட்டையிலும் காசிமேட்டிலும் எத்தனை குடும்பங்களால் அது முடியும்? அதனால் என் கருத்து இது: மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொண்டு நலமாக இருப்பவர்கள் இதை வாங்கத் தேவையில்லை, அந்த மருந்து தனியாக இப்படித் தாழ்நிலையை உண்டாக்குவது அரிது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மாத்திரை எடுக்கும் முதியவர்களும், காரணம் தெரியாத இரவு வியர்வையோ காலைத் தலைவலியோ இருந்தால், மருத்துவரைக் கேட்டு ஒரே ஒருமுறை பதினான்கு நாள் அணிந்து பார்ப்பது அந்தப் பணத்துக்குத் தகும். எண்ணும் உடம்பும் ஒத்துப்போகாதபோது விரலில் குத்திச் சரிபார்க்க ஸ்ட்ரிப் கட்டாயம் கையிருப்பில் இருக்க வேண்டும். நல்ல சென்சார்களிலேயே சராசரிப் பிழை எட்டு முதல் பத்து சதவீதம், சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது ஐந்து பத்து நிமிடம் பின்தங்கவும் செய்யும்.

இரவின் தாழ்நிலையை அலாரத்தால் பிடிப்பதற்குப் பதில், மருந்தே அதைத் தவிர்த்துவிடாதா என்ற கேள்விக்கு, 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை வேதியியலால் விடை தேடுகிறது. என்.என்.சி.2215 என்று பெயரிடப்பட்ட அந்த இன்சுலினின் ஒரு பகுதியில், குளுக்கோசைப் பிடித்து வைக்கும் பெருவளைய மூலக்கூறு ஒன்றையும், மற்றொரு பகுதியில் குளுக்கோசை ஒத்த ஒரு குளுக்கோசைடையும் இணைத்திருக்கிறார்கள். சர்க்கரை குறைவாக இருக்கும்போது வளையம் அந்தக் குளுக்கோசைடைப் பற்றிக்கொள்ள, இன்சுலின் மூடிக்கொண்டு வேலையைக் குறைக்கிறது. சர்க்கரை ஏறும்போது இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, இன்சுலின் திறந்து வேலை செய்கிறது. எலிகளிலும் பன்றிகளிலும் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நீரில் குளுக்கோசை மட்டும் தேர்ந்து பிடிக்கும் ஒரு செயற்கை மூலக்கூறைத் தொகுப்பது எவ்வளவு கடினம் என்பது, குளுக்கோசும் நீரும் ஒரே மாதிரி ஹைட்ராக்சில் தொகுதிகளை நீட்டிக்கொண்டு நிற்பதை அறிந்த வேதியியலாருக்குத் தெரியும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்டனி டேவிஸ் இந்த ஒரே சிக்கலில் பல ஆண்டுகள் உழைத்தவர். இன்னும் மனிதர்களிடம் பயன்பாட்டுக்கு வராத மருந்து அது. வகுப்பில் இந்தத் தொகுப்பை விளக்கும்போது என் குரல் உயர்ந்துவிடுவதை மாணவர்களே கவனித்திருக்கிறார்கள்.

இரவு மாத்திரை நின்று மூன்று வாரம் கழித்து இன்னொரு சென்சார் ஒட்டினோம். இந்த முறை பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த கடையில் வாங்கினோம். 70-க்குக் கீழ் இருந்த நேரம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆடிப் புழுக்கம் அப்படியே இருக்கிறது. தலையணை உறை காய்ந்திருக்கிறது. மேசை விசிறியைத் தம்பி தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.