கிளென்கோ கிராமத்தில் மூன்று நாள் நடை

ஸ்காட்லாந்தின் மேற்கு மலைநாட்டில் ஏ82 நெடுஞ்சாலை வழியே செல்லும் சுற்றுலாப் பேருந்துகள் பலவும், ‘மூன்று சகோதரிகள்’ எனப்படும் மலைமுகடுகளுக்கு எதிரே கால்மணி நேரம் நின்று, பயணிகள் படம் எடுத்து முடித்ததும் புறப்பட்டுவிடுகின்றன. கிளென்கோவை அப்படிப் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்பது என் கருத்து. லெவன் கடற்கழியை ஒட்டிய அந்தச் சிறு கிராமத்தில் ஜூன் மாதம் மூன்று நாள் தங்கி, முழங்கால் வலியுள்ள என் அம்மாவுடனும் தம்பியுடனும் நடந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

அம்மாவால் நடக்க முடியுமா என்ற கவலையை முதல் நாளே தீர்த்துவைத்தது, கிராமத்தை அடுத்த காட்டுக்குள் இருக்கும் கிளென்கோ லாக்கன் என்ற சிற்றேரி. அதைச் சுற்றிச் செல்லும் பாதை சக்கர நாற்காலியும் போகும் அளவுக்குச் சமமானது. கனடியப் பசிபிக் ரயில்பாதையின் கடைசி ஆணியை 1885இல் அறைந்தவரும் பின்னாளில் ஸ்ட்ராத்கோனா பிரபு ஆனவருமான டொனால்ட் ஸ்மித், இந்த நிலத்தை வாங்கியபோது, கனடாவில் பிறந்த தம் மனைவி இசபெல்லாவின் ஊர் ஏக்கம் தணியட்டும் என்று வட அமெரிக்க மரங்களை நட்டு இந்த ஏரியை உருவாக்கினார் என்கிறார்கள். காற்று ஓய்ந்த மாலையில் அந்த மரங்களும் அவற்றுக்குப் பின்னால் 742 மீட்டர் உயரமுள்ள ‘பாப்’ மலையும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்து, அம்மா இரண்டாம் சுற்றும் நடந்தார்.

லாஸ்ட் வேலி என வழங்கும் மறைவான பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழி அப்படிப்பட்டதன்று. நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து இறங்கி, கோ ஆற்றைப் பாலத்தில் கடந்து, மழையில் வழுக்கும் பாறைகளைச் சில இடங்களில் கையால் பற்றி ஏற வேண்டும். கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும் காலணி இல்லாமல் போகாதீர்கள். மலைச்சரிவிலிருந்து உருண்டு வந்த பெரும்பாறைகள் வாயிலை அடைத்துக் கிடக்க, அவற்றைத் தாண்டியதும் கூழாங்கல்லும் புல்லுமாய்ச் சமவெளி ஒன்று விரிகிறது. அக்காலத்தில் இங்கு வாழ்ந்த மெக்டொனால்ட் குலத்தார் கவர்ந்து வந்த மாடுகளை ஒளித்து வைத்த இடம் இதுதான் என்பார்கள். நானும் தம்பியும் நிதானமாகப் போய்த் திரும்ப மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று.

அந்தக் குலத்தாரின் கதையை அறியாமல் இங்கே நடப்பதில் பாதிதான் கிடைக்கும். விருந்தினராக ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கி உண்ட அரசப் படையினர், 1692 பிப்ரவரி 13 விடியற்காலையில் தங்களுக்குச் சோறிட்டவர்கள்மீதே பாய்ந்தனர். கொல்லப்பட்டவர்கள் 38 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பனியில் தப்பி ஓடி மடிந்தவர்கள் வேறு. கிராமத்திலுள்ள நினைவுச் சிலுவையைப் பார்த்தபின், ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை நடத்தும் பார்வையாளர் மையத்துக்கும் செல்லுங்கள். மரக்கிளைகளைப் பின்னிச் சட்டமிட்டு, புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் சுவர் எழுப்பிய அக்காலத்து வீடொன்றை அங்கே மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அதன் இருண்ட உட்புறத்தில் நின்றபோது, அந்த விடியற்காலை மிக அருகில் வந்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மலையடி நடைபாதைகள் கிராமத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித் தொடங்குகின்றன. பேருந்துகள் குறைவு என்பதால் கார் இல்லாதவர்கள் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். கோடையில் மிட்ஜ் எனும் கண்ணுக்கே எளிதில் தெரியாத கடிபூச்சிகள் மொய்க்கும். காற்றடித்தால் அவை பறப்பதில்லை, அடங்கிய மாலையில் முகவலை இல்லாமல் நிற்க முடியாது. நாங்கள் தங்கிய விடுதியில் ஈரக் காலணி உலர்த்தும் அறை உண்டு என்று சொல்லிவிட்டு, இரவு முழுவதும் அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். செய்தித்தாளைக் கசக்கித் திணித்தும் காலையில் காலணி சொதசொதவென்றே இருந்தது. முன்பதிவின்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாப் மலையில் ஏற வைத்திருந்த மூன்றாம் நாளில் மேகம் பாதி மலைவரை இறங்கிவிட்டதால், ஏறாமல் பழைய சாலையில் ஆற்றோரமாக நடந்தோம். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. மேகம் எட்டு மணிக்குமேல் கலைந்தபோது சிகரம் தெரிந்தது, எங்கள் ஊர்திக்கு நேரமாகிவிட்டது.