பென்ஸா, பிஎம்டபிள்யூவா, ஆடியா, லெக்ஸஸா? லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு தெரியும் வித்தியாசங்கள்

புதிதாக இருக்கும்போது மெர்சிடிஸ்-பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, லெக்ஸஸ், வோல்வோ எதிலுமே பெரிதாகக் குறை சொல்ல முடியாது. கதவு மூடும் சத்தத்தையும் சீட்டின் தோலையும் திரையின் பளபளப்பையும் பார்த்து வாங்குகிறவர்கள்கூட முதல் மூன்று வருடம் சந்தோஷமாகத்தான் ஓட்டுவார்கள். சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் வெடித்து, இன்ஜினைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழாய்கள் முறுமுறுவென்று ஆகும் ஐந்தாம், ஆறாம் வருடத்தில்தான் யார் என்ன வாங்கினார்கள் என்பது புரிய ஆரம்பிக்கும். அப்போதும் பிராண்டுக்குப் பிராண்டு இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே பிராண்டில் இன்ஜினுக்கு இன்ஜின் இருக்கும் வித்தியாசம் பெரிது. அதனால் லோகோவைப் பார்ப்பதற்கு முன் இன்ஜின் குறியீடு, கியர்பாக்ஸ் வகை, சஸ்பென்ஷன் வகை மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஜின்

பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜின் இதற்கு நல்ல உதாரணம். 2007-இல் வந்தது. வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினும் அதைத் தாங்கும் கைடுகளும் தேய்ந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்னாலிருந்து உரசும் சத்தம் வரும். செயின் முன்னால் இருந்தால் ஒரு நாளில் முடிகிற வேலை. பின்னால் இருப்பதால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். சத்தத்தை அலட்சியப்படுத்தி ஓட்டினால் செயின் அறுந்து, வால்வுகள் பிஸ்டனில் இடித்து, முதலுக்கே மோசம். அடுத்து வந்த பி47 டீசல், பி48, பி58 பெட்ரோல் இன்ஜின்களிலும் செயின் பின்பக்கம்தான். ஆனால் அந்தப் பழைய வியாதி இவற்றில் அதே அளவில் இல்லை. ஆறு சிலிண்டர் பி58 இந்தக் கூட்டத்திலேயே நம்பகமான இன்ஜின்களில் ஒன்று. டொயோட்டா தன் 2019 சுப்ராவுக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது.

பிஎம்டபிள்யூ பெட்ரோல் இன்ஜின்களில் வாடிக்கையாக வரும் தொல்லை ஆயில் கசிவு. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல்), வால்வ் கவர் கேஸ்கெட் இரண்டும் வெப்பத்தில் இறுகிப்போகும். கேஸ்கெட் மலிவானது, மாற்றும் கூலிதான் அதிகம். "கொஞ்சம் கசிகிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக் கூடாது. என்52, என்54, என்55 இன்ஜின்களில் ஃபில்டர் ஹவுசிங்கிலிருந்து சொட்டும் ஆயில் நேராக டிரைவ் பெல்ட்டில் விழும். பெல்ட் ஊறி நார்நாராகக் கிழிந்து, பெல்ட்டைச் சுழற்றும் கிராங்க் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, முன் ஆயில் சீலைத் துளைத்து இன்ஜினுக்குள்ளேயே போய்விடும். பிறகு இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றித் துண்டு துண்டாகப் பொறுக்க வேண்டியதுதான். இதே தலைமுறை இன்ஜின்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது. முன்னறிவிப்பு அதிகம் தராமல் நின்றுவிடும் என்பதால், லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போதே கூலன்ட் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

ஆடியில் நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்றால் பெரும்பாலும் இஏ888 குடும்பம். இதில் இரண்டாம் தலைமுறை இன்ஜின் ஆயில் குடிக்கும். பிஸ்டனின் ஆயில் ரிங்குகள் மெல்லியவை, ஆயில் திரும்பி வடியும் துளைகளும் சிறியவை. அவை கரி படிந்து அடைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் ஏறி எரியும். நிரந்தரத் தீர்வு பிஸ்டனும் ரிங்கும் மாற்றுவதுதான். கெட்டியான ஆயில் ஊற்றுவது நாள் கடத்தும் வேலை. மூன்றாம் தலைமுறையில் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைந்தது. ஆனால் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்த பிளாஸ்டிக் தொகுதி ஒழுகத் தொடங்கியது. கூலன்ட் மாதாமாதம் கொஞ்சம் குறைகிறது, தரையில் ஈரமே இல்லை, பானெட்டைத் திறந்தால் இனிப்பு வாடை அடிக்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இளஞ்சிவப்புப் பொருக்கு காய்ந்திருக்கும்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று: பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுவதால் இன்டேக் வால்வைக் கழுவிவிட எதுவும் இல்லை. இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி வால்வின் முதுகில் கரியாக அப்பிக்கொள்ளும். குளிர்ந்த நிலையில் ஐடிலிங் நடுங்கும், சிலிண்டர் சரியாக எரியவில்லை என்ற மிஸ்ஃபயர் பிழைக் குறியீடு பதிவாகும். பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் அந்த இடத்துக்குப் போகவே போகாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தத்தில் பீய்ச்சிச் சுரண்டுவதே வழி. டொயோட்டாவும் லெக்ஸஸும் வால்வுக்கு முன்னால் தெளிக்கும் போர்ட் இன்ஜெக்டர், டைரக்ட் இன்ஜெக்டர் இரண்டையும் பல இன்ஜின்களில் சேர்த்து வைத்து இந்தத் தலைவலியை வடிவமைப்பிலேயே தீர்த்துவிட்டார்கள்.

மெர்சிடிஸில் கவனிக்க வேண்டியது, வால்வ் திறக்கும் நேரத்தை மாற்ற உதவும் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் மேக்னெட். எம்271, எம்272 போன்ற இன்ஜின்களில் இதன் கனெக்டர் வழியாகக் கசியும் ஆயில், வயருக்குள்ளேயே ஊர்ந்து இன்ஜின் கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்து உள்ளே ஆயில் பளபளத்தால் மேக்னெட்டை மாற்றி, ஆயிலைத் தடுக்கும் சிறு இடைவயரையும் போட்டுவிடுங்கள். சின்னச் செலவு. விட்டுவிட்டால் இன்ஜினின் வயர் தொகுதியான ஹார்னஸ் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த பிராண்டானாலும் ஆயில் சர்வீஸ் இடைவெளியைக் கம்பெனி சொல்வதில் பாதியாகக் குறைப்பது நல்லது. இரண்டு வருடம் அல்லது 30,000 கி.மீ. என்று டாஷ்போர்டு காட்டலாம். அது முதல் உரிமையாளரின் பராமரிப்புச் செலவைக் குறைத்துக் காட்டும் கணக்கு. செயினும் டர்போவும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்வதில்லை.

கியர்பாக்ஸ்

ஜெட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி ஆட்டோமேட்டிக் பிஎம்டபிள்யூவில் பரவலாகவும், ஆடியின் பெரிய மாடல்களிலும், ஜாகுவார், லேண்ட் ரோவரிலும் இருக்கிறது. இன்று கிடைப்பதில் சிறந்த கியர்பாக்ஸ் இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். கெடுப்பது "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்ற கார் கம்பெனிகளின் வாசகம். கியர்பாக்ஸைத் தயாரிக்கும் ஜெட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேளுங்கள்.

பல மாடல்களில் அடிச்சட்டி பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும். சட்டி, சீல், போல்ட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய ஆயில் முழுதும் வெளியே வராது. இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் கணிசமான பங்கு தங்கிவிடும். அதற்காக மெஷின் வைத்து ஃப்ளஷ் செய்யத் தேவையில்லை. கார் சம தளத்தில் இருக்க வேண்டும். நிரப்பும் துளை வழியாக வழியும்வரை ஊற்றி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கியர்களை ஒவ்வொன்றாக மாற்றி, ஆயில் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே மீண்டும் வழியும்வரை நிரப்ப வேண்டும். வெப்பத்தைப் பார்க்காமல் சூடாக இருக்கும்போது நிரப்பினால் அளவு குறைந்துவிடும். ஆயில் மாற்றிய பிறகு கியர் இடிக்கிறது என்று வரும் புகார்களில் பல இந்த ஒரு தவறால்தான்.

மெர்சிடிஸ் தன் கியர்பாக்ஸைப் பெரும்பாலும் தானே செய்கிறது. ஆயில் மாற்றும் இடைவெளியையும் சர்வீஸ் அட்டவணையிலேயே போடுகிறது. ஏழு கியர் 722.9-இன் பலவீனம் உள்ளே இருக்கும் கன்டக்டர் பிளேட் என்ற மின் தகடு. அதிலுள்ள வேக சென்சார்கள் போனால் வண்டி ஒரே கியரில் சிக்கிக்கொள்ளும். இது திருட்டுத் தடுப்போடு இணைக்கப்பட்ட பாகம். பழைய வண்டியிலிருந்து கழற்றிப் போட்டால் வேலை செய்யாது.

ஆடியின் எஸ் டிரானிக் இரட்டை கிளட்ச் வகை. காலியான நெடுஞ்சாலையில் இதற்கு நிகரில்லை. ஊர்ந்து நகரும் நெரிசலில் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் சூடாகிக்கொண்டே இருக்கும். தினசரி ஓட்டம் நெரிசலில்தான் என்றால் டார்க் கன்வர்ட்டர் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. கிளட்ச் ஆயிலில் நனைந்து இயங்கும் ஏழு கியர் ஈர கிளட்ச் வகையில் 60,000 கி.மீ.க்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் கட்டாயம், ரசீதைக் கேளுங்கள். ஏ3, க்யூ3 போன்ற வண்டிகளின் நால்சக்கர இயக்கத்தில், பின்சக்கரங்களுக்குச் சக்தியை இணைக்கும் ஹால்டெக்ஸ் கிளட்ச் உண்டு. ஐந்தாம் தலைமுறையில் பம்ப்பின் சிறு சல்லடை கிளட்ச் தூளால் அடைத்து பம்ப் எரிந்துவிடும். ஆயில் மாற்றும்போது பம்ப்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள்.

லெக்ஸஸ் ஹைப்ரிட்டில் இந்தக் கவலைகளே குறைவு. இதன் கியர்பாக்ஸுக்கு இருக்கும் இ-சிவிடி என்ற பெயரைப் பார்த்து, சாதாரண சிவிடி போல பெல்ட் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே இருப்பது கிரக கியர் தொகுதியும் இரண்டு மோட்டார்களும்தான். தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. ஆனால் இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பின்சீட்டுப் பக்கம் பேட்டரி ஃபேனின் காற்று உறிஞ்சும் வலை இருக்கிறது. தூசியோ நாய் முடியோ அடைத்தால் ஹைப்ரிட் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். இரண்டாவது பிரேக். வேகத்தை மோட்டாரே குறைத்துவிடுவதால் பேட் அதிகம் தேயாது. வேலையில்லாமல் கிடக்கும் பேட்டை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் தடவ வேண்டும்.

சஸ்பென்ஷனும் சக்கரமும்

ஏர் சஸ்பென்ஷன் உள்ள பெரிய மெர்சிடிஸில் உட்கார்ந்துவிட்டு வேறெதிலும் மனம் ஒப்பாது. ஆனால் அது யானை வளர்ப்பு மாதிரி. காற்றுப் பையின் ரப்பர் மடியும் இடத்தில் நுண்ணிய வெடிப்பு விழும். இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் அதுதான் அறிகுறி. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். உடனே மாற்றினால் காற்றுப் பை பொருந்திய ஒரு ஸ்ட்ரட்டோடு போகும். தள்ளிப்போட்டால் கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓயாமல் ஓடி அதுவும் எரியும். கம்ப்ரசரை இயக்கும் மின் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதிய கம்ப்ரசருக்கும் அதே கதி வரலாம். ஏர் சஸ்பென்ஷன் வேண்டாம் என்று சாதாரண ஸ்பிரிங் வண்டியை எடுப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஆடியின் நீளவாட்டு இன்ஜின் வண்டிகளில் முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தையும் வண்டியோடு இணைக்க நான்கு அலுமினிய ஆர்ம்கள். மேல் இரண்டையும் பிடிக்கும் நீண்ட போல்ட் சக்கர ஹப்பைத் தாங்கும் அலுமினிய நக்கிளுக்குள் இறுகிவிடும். சுத்தியலால் அடித்து எடுக்கப் பார்த்தால் நக்கிள் போய்விடும். பிஎம்டபிள்யூவில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் டிஸ்க்கை மாற்றுவதற்கு முன் முன் ஆர்மின் எண்ணெய் நிரப்பிய புஷ் வெடித்து ஒழுகியிருக்கிறதா பாருங்கள். எந்த பிராண்டிலும் ஆர்ம் மாற்றும்போது புஷ் போல்ட்டை, சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும் உயரத்தில் வைத்து முறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து, புதிய புஷ்ஷும் சீக்கிரமே கிழியும்.

பங்சர் ஆனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் காற்றில்லாமல் சுமார் 80 கி.மீ. தூரம், 80 கி.மீ. வேகத்துக்குள் ஓடும். அதற்கு விலையாகப் பக்கச்சுவர் கல் மாதிரி விறைப்பாக இருக்கும், ஸ்டெப்னி இருக்காது. சாதாரண டயருக்கு மாறினால் சொகுசு கூடும். பங்சர் கிட்டும் சிறு கம்ப்ரசரும் டிக்கியில் இருந்தாக வேண்டும். பெரிய அலாய் வீல் அழகுக்குத்தான். பிரேக் காலிப்பர் இடிக்காத மிகச் சிறிய அளவு வீலை எடுங்கள். பிஎம்டபிள்யூவின் எக்ஸ்டிரைவ், ஆடியின் குவாட்ரோ போன்ற நால்சக்கர இயக்க வண்டிகளில் நான்கு டயரும் ஒரே மாடலாக, ஏறத்தாழ ஒரே தேய்மானத்தோடு இருப்பது அவசியம். புதிதும் பழையதும் கலந்து போட்டால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பாகம் தேவையில்லாமல் இழுபட்டு, மெதுவாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது வண்டி திக்கித் திக்கி நகரலாம்.

மின்சாரம், திரை, தண்ணீர்

பிஎம்டபிள்யூவிலும் ஆடியிலும் புதிய பேட்டரி போட்டால் அதை வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்குச் செய்த அதே சார்ஜிங் தொடர்ந்து, புதியதன் ஆயுள் குறையும். லெக்ஸஸ் ஹைப்ரிட்டில் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் வண்டி கிளம்பாது. வோல்வோவின் 2015-க்குப் பிந்தைய புதிய தலைமுறை வண்டிகளில் ஏசி உட்பட ஏறக்குறைய எல்லாம் நடுத்திரைக்குள். இருக்கை வசதி நீண்ட பயணத்தில் அபாரம், ஆனால் திரை உறைந்தால் ஏசியையும் மாற்ற முடியாது. பட்டனை விரும்புகிறவர்கள் பழைய மாடலைப் பார்க்கலாம்.

திறக்கும் பனோரமிக் ரூஃப் உள்ள வண்டிகளில் பொதுவாக நான்கு மூலையிலும் வடிகுழாய் உண்டு. அடைத்தால் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். அங்கேதான் பல மாடல்களில் கண்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன் மெல்லிய நைலான் இழையால் சுத்தம் செய்யுங்கள். அழுத்தக் காற்று அடித்தால் குழாய் உள்ளே கழன்றுவிடும்.

எதை எடுப்பது

புதிதாக வாங்கி மூன்று வருடத்தில் விற்பவருக்கு மேலே சொன்ன பெரும்பாலானவை பொருட்டே இல்லை. பிடித்ததை எடுக்கலாம். பத்து வருடம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறவருக்கு லெக்ஸஸ் ஹைப்ரிட். ஓட்டும் சுகத்தில் பத்தில் மூன்று பங்கை இழக்கச் சம்மதம் வேண்டும். ஓட்டுவதற்காகவே வாங்குகிறவருக்கு பி58 இன்ஜினும் 8எச்பியும் உள்ள பிஎம்டபிள்யூ. பின்சீட்டில் உட்காருகிறவருக்கு சாதாரண ஸ்பிரிங்கும் சிறிய வீலும் உள்ள மெர்சிடிஸ் இ கிளாஸ். ஆடி நல்ல கார்தான், ஆனால் சர்வீஸ் ரசீதுகள் முழுதாக இல்லாத ஆடியை இரண்டாம் கையாக வாங்கக் கூடாது.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். ஸ்டார்ட் ஆன முதல் ஐந்து விநாடிச் சத்தம் முக்கியம். பிறகு இன்ஜின் மட்டுமின்றி எல்லா கண்ட்ரோல் யூனிட்டுகளையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பல மாடல்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமின்றி வேறு யூனிட்டுகளிலும் பதிவாகியிருக்கும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் மற்றவற்றைத் தொடுவதில்லை.