65 அங்குல டிவி, 4 ஆண்டுக்குப் பிறகு: பேனல் பிரமாதம், எரிச்சல் அந்த ஓடும் எழுத்து

சத்தம் வருகிறது, படம் இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்தால் படம் நிழல்போல ஓடுவது தெரிகிறது. அப்படித் தெரிந்தால் படம் காட்டும் பேனல் பிழைத்தது, போனது அதற்குப் பின்னிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் என்று அர்த்தம். 4 ஆண்டு ஓடிய இந்த 65 அங்குல எல்இடி டிவிக்கு வந்ததும் அதுதான். தொடராக இணைந்த வரிசையில் ஒரே ஒரு எல்இடி அறுந்தாலும் வரிசை முழுக்க அணையும். பல டிவிகளில் டிரைவர் சர்க்யூட் அதைக் கண்டதும் மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். போன எல்இடி பட்டையை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுவதுதான் சரி. மற்ற பட்டைகளும் அதே வயது. புதிது ஒன்று மட்டும் நடுவில் அதிகப் பளிச்சென்று எரிந்து கோடு காட்டும்.

பழுது பார்த்து வந்த டிவியில் பழைய செட்டிங் ஒன்றுகூட இல்லை. 'விவிட்' மோடு, பேக்லைட் 100, ஷார்ப்னெஸ் உச்சத்தில். பேக்லைட் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணமே இந்த 100தான். எல்இடிக்குச் சூடுதான் எதிரி. சாதாரண வெளிச்சம் உள்ள அறைக்கு 40 முதல் 60 தாராளம். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடு, வார்ம் வண்ணம், நடுவே இல்லாத பிரேம்களை டிவியே சேர்க்கும் மோஷன் ஸ்மூத்திங் ஆஃப். இவற்றை வைக்க ஐந்து நிமிடம் ஆகாது. மீதி நேரம் முழுவதும் போனது டிவியோடு இல்லை, செட்டாப் பாக்ஸோடு.

பேனலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் குறையே இல்லை. 4கே (3840×2160 புள்ளிகள்), விஏ வகை எல்சிடி, 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 முறை படம் மாற்றும். இருட்டுக் காட்சியில் கறுப்பு கறுப்பாக இருக்கிறது. இன்னொரு எல்சிடி வகையான ஐபிஎஸ் பேனலில் வரும் சாம்பல் பூச்சு இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தால் வண்ணம் வெளுக்கும், விஏவின் இயல்பு அது. 65 அங்குலத் திரையின் அகலம் சுமார் 144 செ.மீ. 2.7 மீட்டரில் உட்கார்ந்தால் பார்வையில் 30 டிகிரி நிறைக்கும். அந்தத் தூரத்தில் சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 1080பி-யின் (1920×1080) பிக்சல்கள் தனித்தனியாகத் தெரிவது அரிது. 4கே-யின் கூடுதல் நுணுக்கம் முழுசாக வேண்டுமென்றால் இன்னும் நன்றாகக் கிட்டே வர வேண்டும். ஆகவே 4கே-யா 1080பி-யா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். உள்ளே எது வருகிறது என்று பாருங்கள்.

என் கோபம் அங்கேதான். செய்தி சேனலைப் போட்டு, அடியில் ஓடும் எழுத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டிய எழுத்து துடித்துத் துடித்துப் போகும். ஓரங்களில் பல் பல்லாகத் தெரியும். சின்ன டிவியில் இது கண்ணில் படாது. ஒன்றரை மீட்டர் அகலத் திரையில் ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு வேறெதையும் பார்க்க முடியாது.

காரணம் எளிது. பல நாடுகளில் ஒளிபரப்பு 50 ஹெர்ட்ஸ். ஹெச்டி சேனல் என்பது பெரும்பாலும் 1080 இன்டர்லேஸ், அதாவது ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளை மட்டும் கொண்ட பாதிப் படங்கள், நொடிக்கு 50. செட்டாப் பாக்ஸோ 'எப்போதும் 2160பி, 60 ஹெர்ட்ஸ்' என்று செட் செய்யப்பட்டு வருகிறது. 50ஐ 60 ஆக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு முறை காட்ட வேண்டும். நொடிக்குப் பத்து முறை எழுத்து ஒரு கணம் நின்று நின்று போகிறது. அதுதான் அந்தத் துடிப்பு. பாதிப் படங்களை முழுப் படமாக்குவது, பெரிதாக்குவது இரண்டையும் பாக்ஸின் மலிவான சிப் செய்து முடித்துவிடுகிறது. டிவிக்குள் இருக்கும் நல்ல பிராசஸருக்கு வேலையே இல்லை. எஸ்டி சேனலின் கதி இன்னும் மோசம். 720×576 படத்தை 3840×2160 ஆக்கும்போது திரையின் 20 புள்ளிகளில் ஒன்றுதான் சேனலிலிருந்து வந்தது, மற்ற 19ம் ஊகம். அந்த ஊகத்தை யார் செய்வது என்பதுதான் கேள்வி.

தீர்வு பாக்ஸின் வீடியோ செட்டிங்கில். சேனல் வந்தபடியே டிவிக்கு அனுப்பும் தேர்வு 'நேட்டிவ்', 'ஒரிஜினல்', 'பாஸ்த்ரூ' என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அதைத் தேர்ந்தெடுங்கள். 'ஆட்டோ'வை நம்பாதீர்கள், பல பாக்ஸ்களில் ஆட்டோ என்றால் டிவி தாங்கும் அதிகபட்சம் என்றுதான் பொருள். நேட்டிவ் இல்லையென்றால் 1080, 50 ஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். பிறகு டிவி ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தி என்ன வருகிறது என்று சரிபாருங்கள். ஹெச்டி சேனலில் 1920×1080, 50 என்று காட்டினால் சரி. இப்படி வைத்தால் ஹெச்டியிலிருந்து எஸ்டிக்கு மாறும்போது ஹெச்டிஎம்ஐ புதிதாகக் கைகுலுக்கும், ஒன்றிரண்டு நொடி திரை கறுக்கும். இந்தக் கறுப்பைப் பொறுக்காமல்தான் பலர் பழையபடி மாற்றிவிடுகிறார்கள். கறுக்கட்டும். எழுத்து வழுக்கிக்கொண்டு போகிறது பாருங்கள்!

இதே நோயின் இன்னொரு முகம் ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வீச்சு காட்டும் வீடியோ. டிவியில் செருகும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை '4கே ஹெச்டிஆர்' என்று பூட்டி வைத்தால் சாதாரணப் படத்தையும் ஹெச்டிஆர் உறைக்குள் போட்டு அனுப்பும். முகங்கள் செத்துப்போன நிறத்தில் வரும், டிவி பேக்லைட்டையும் உச்சத்துக்கு ஏற்றிக்கொள்ளும். வெளிச்ச வீச்சு, பிரேம் வேகம் இரண்டையும் படத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் இரண்டையும் ஆன் செய்யுங்கள். சினிமா நொடிக்கு 24 பிரேம். அதை 60இல் அனுப்பினால் ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று நொண்டும். கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சியில் தெரியும். 24ஆகவே வந்தால் 120 ஹெர்ட்ஸ் பேனல் ஒவ்வொரு பிரேமையும் சரியாக ஐந்து முறை காட்டும். பெரிய டிவிக்கு 120 ஹெர்ட்ஸ் பேனல் கேளுங்கள் என்று சொல்வது விளையாட்டுக்காக மட்டும் இல்லை.

எந்த மூலம் நல்லது என்றால் தயங்காமல் சொல்வேன்: டிஸ்க். சாதாரண புளூ-ரேயில் 1080பி வீடியோவுக்கே நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு. 4கே ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் 15 முதல் 25க்குள் அடங்கிவிடும். அதனால்தான் புகை, மழை, இருட்டு வானம் போன்ற காட்சிகளில் 1080பி டிஸ்க் பல 4கே ஸ்ட்ரீமை வீழ்த்துகிறது. 4கே டிஸ்க் அதற்கும் பல படி மேலே. அடுத்தது, கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்பை ஆன்டெனா வழியாக டிவியின் சொந்த டியூனரில் எடுப்பது. நடுவில் பாக்ஸ் இல்லை, மறு சுருக்கம் இல்லை. ஆன்டெனாவிலிருந்து ஆர்ஜி-6 கோஆக்சியல் கேபிள் போடுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்றுக்கே சுமார் 3.5 டெசிபல் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். கோபுரம் பக்கத்திலேயே இருந்தால் பூஸ்டர் வைக்காதீர்கள், டியூனர் திக்குமுக்காடிப் படம் கட்டம் கட்டமாக உடையும். ஸ்ட்ரீமிங் மூன்றாவது. கேபிள் எஸ்டி கடைசி.

வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலையேறிய ஹெச்டிஎம்ஐ கேபிளில் வண்ணம் கூடாது. கேபிள் போதாவிட்டால் வெள்ளைப் பொறிகள் தெறிக்கும், அல்லது திரை இரண்டு நொடி அணைந்து வரும், அவ்வளவுதான். 4கே 60க்கு 18 ஜிகாபிட், 4கே 120க்கு 48 ஜிகாபிட் வரை தாங்கும் சான்றுள்ள கேபிள், மூன்று மீட்டருக்குள். அதைவிட முக்கியம், பல டிவிகளில் ஹெச்டிஎம்ஐ போர்ட் 'ஸ்டாண்டர்ட்' நிலையில்தான் வருகிறது. உள்ளீட்டு மெனுவில் போய் 'என்ஹான்ஸ்ட்' ஆக்காவிட்டால் எவ்வளவு நல்ல பிளேயரும் 4கே 60 ஹெச்டிஆர் தராது. ரீசெட் ஆன டிவியில் இது திரும்ப ஆஃப் ஆகியிருக்கும். போர்ட் போர்ட்டாகப் பாருங்கள். படம் முழுக்க வெளிறியிருந்தால், அல்லது இருட்டில் விவரமே தெரியாமல் போனால், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவை பிளேயர், டிவி இரண்டில் ஒன்று 16–235 ('லிமிடெட்') என்றும் மற்றது 0–255 ('ஃபுல்') என்றும் வைத்திருக்கிறது. இரண்டையும் 'லிமிடெட்'இல் வையுங்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் இந்த மாடலை வாங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. டிஸ்கும் ஆன்டெனாவும் கொடுக்கும்போது இதைப்போல டிவி இல்லை. ஆனால் இதற்குள்ளேயே இருக்கும் ஆப்கள் 25 பிரேம் தொடரையும் 60இல்தான் ஓட்டுகின்றன. மாற்ற மெனு இல்லை, நான்கு ஆண்டில் வந்த எந்த அப்டேட்டும் தரவில்லை. இவ்வளவு நல்ல பேனலைக் கொடுத்துவிட்டு மெனுவில் இந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விட்டதை மன்னிக்க முடியவில்லை. வெளியே ஒரு ஸ்டிக் செருகித்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

புதிதாக வாங்குபவர்கள் கடைக்கு ஒரு பென்டிரைவ் கொண்டுபோங்கள். அதில் 50 பிரேமில் எழுத்து ஓடும் ஒரு கிளிப், 24 பிரேமில் கேமரா திரும்பும் ஒரு கிளிப், முழுக்க நடுத்தரச் சாம்பல் நிறத்தில் ஒரு படம். சாம்பலில் அழுக்குத் திட்டோ நெடுக்குப் பட்டையோ தெரிந்தால் பந்து ஓடும் பசும்புல்லிலும் அதே திட்டு தெரியும். அந்த செட் வேண்டாம். அதே டிவியின் ஆப்பில் 25 பிரேம் நிகழ்ச்சி ஒன்றையும் ஓட்டச் சொல்லுங்கள். பென்டிரைவில் வழுக்கிய எழுத்து ஆப்பில் துடித்தால் ஸ்டிக்குக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.