டாங்கியா, காஸ்பிரா, லேண்ட் க்ரூசரா? ஆப்பிரிக்க ராணுவங்கள் எதை ஒரே மாதிரி ஆக்கணும்?

ஆப்பிரிக்க ராணுவங்கள் பத்தி பேச்சு வந்தாலே யாருகிட்ட எத்தனை டாங்கி இருக்குங்குற எண்ணிக்கைலதான் போய் நிக்கும். எனக்கு அந்தக் கணக்குல பெருசா நம்பிக்கை இல்ல. பேப்பர்ல நூறு வண்டி இருக்கலாம், அதுல இன்னைக்கு காலைல ஸ்டார்ட் ஆகி 300 கிலோமீட்டர் ஓடி சாயங்காலம் திரும்பி வர்றது எத்தனைங்குறதுதான் கேள்வி, அது டாங்கியோட பீரங்கிய வெச்சு முடிவாகுறதில்ல, ஃபில்டரு பெல்ட்டு டயரு வெச்சுத்தான் முடிவாகுது. அதான் எந்த வண்டிய, எந்த ஸ்பேர ஒரே மாதிரி ஆக்குனா நல்லதுன்னு பாப்போம், காஸ்பிர்ங்குறது தென்னாப்பிரிக்காவுல செஞ்ச, கண்ணிவெடி தாங்குற கவச வண்டி.

நைஜீரியாவ எடுத்துக்கோங்க. சோவியத் டி-55, பிரிட்டிஷ் விக்கர்ஸ் மார்க் 3, போகோ ஹராம் தீவிரவாதிங்க பிரச்சினை முத்துன 2014-15 வாக்குல கிழக்கு ஐரோப்பாவுல இருந்து அவசரமா வாங்குன டி-72, 2020 ஏப்ரல்ல லாகோஸ்ல வந்து எறங்குன சீன விடி-4. இது டாங்கி மட்டும்தான். இன்னும் மத்த கவச வண்டிங்கள பாத்தா பிரிட்டிஷ் ஸ்கார்பியன், பிரெஞ்சு பன்ஹார்ட், ஆஸ்திரிய ஸ்டெயர், சுவிஸ் பிரான்யா, துருக்கி கோப்ரா, தென்னாப்பிரிக்க ரெவா, 2016 ஜனவரில அமெரிக்கா சும்மா கொடுத்த 24 எம்ராப் (அதாவது கண்ணிவெடி தாங்குற வண்டி) எல்லாம் இருக்கு. பீரங்கி குழாயோட அளவ மட்டும் எண்ணிப் பாருங்க, 76, 90, 100, 105, 125 மில்லிமீட்டர். அஞ்சு அளவு. அஞ்சுக்கும் தனித்தனி குண்டு, தனி கோடவுன், தனி டிரெய்னிங்.

இதுக்கு நைஜீரியாக்காரங்கள மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். 2014ல இஸ்ரேல்கிட்ட இருந்து கோப்ரா ஹெலிகாப்டர் வாங்கப் பாத்தாங்க, அமெரிக்கா குறுக்க விழுந்து தடுத்துடுச்சு. வடகிழக்குல ஊர் ஊரா கைவிட்டுப் போய்ட்டிருக்கு, அன்னைக்கு யாரு விக்க ரெடியா இருந்தானோ அவன்கிட்ட வாங்குனாங்க, அவ்ளோதான். தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக்கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க இல்ல, ராணுவ வண்டி விஷயத்துல மட்டும் பல்ல பாத்தே ஆகணும், ஏன்னா அந்த மாட்டுக்குத் தீவனம் வேற ஒரு நாட்டுல மட்டும்தான் கிடைக்கும்.

இதுக்கு நேர் எதிர் வழின்னா எகிப்து. ஒரே பெரிய அண்ணன், ஒரே டாங்கி. 1988ல அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டு, அபு ஸாபல் பக்கம் இருக்குற 200ம் நம்பர் ஃபேக்டரில எம்1ஏ1 ஆப்ரம்ஸ் டாங்கிய கிட்டா, அதாவது தனித்தனி பார்ட்ஸா வரவெச்சு அங்கயே கோத்து எடுத்தாங்க, ஆயிரத்துக்கு மேல செஞ்சாச்சு. ஆப்பிரிக்காவுல வேற யாரும் இந்த அளவுல பண்ணதில்ல. மெக்கானிக், டிரைவர், குண்டு எல்லாமே பெரிய அளவுல ஒரே அச்சு. வருஷா வருஷம் வர்ற 130 கோடி டாலர் அமெரிக்க ராணுவ உதவிதான் இதுக்கு முதுகெலும்பு.

ஆனா முதுகெலும்பு இன்னொருத்தன் கைல இருந்தா என்ன ஆகும்? 2013ல எகிப்து அதிபர் மோர்ஸிய ராணுவம் ஆட்சில இருந்து தூக்குனதும், அந்த அக்டோபர்ல அமெரிக்கா இந்த டாங்கி கிட்டு சப்ளைய நிறுத்தி வெச்சுச்சு. 2015 மார்ச்லதான் மறுபடி தொறந்து விட்டாங்க. ஒண்ணரை வருஷம், ஒரு போன் கால்ல. இன்னொன்னு, ஆப்ரம்ஸோட டர்பைன் இன்ஜின் 1500 குதிரைசக்தி, டேங்க்ல 1900 லிட்டர் எரிபொருள் புடிக்கும், அத ஊத்தியும் நானூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் போகும். எகிப்து மாதிரி பெரிய நாடு சமாளிக்கும். நைஜர், சாட், புருண்டில்லாம் இத நெனைச்சுக்கூட பாக்கமுடியாது, அவங்க பாலம் தாங்குறதே சந்தேகம். அதோட எகிப்துலயும் எல்லாம் ஒரே மாதிரி ஆகல, எம்60, டி-62ன்னு பழசும் கூடவே கெடக்கு.

அல்ஜீரியாவும் கிட்டத்தட்ட இதே ரூட்டுதான், ரஷ்யா பக்கம். டி-72, டி-90 டாங்கி, ஆள் ஏத்துற பிஎம்பி கவச வண்டின்னு ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச வண்டிங்க, பீரங்கியும் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர். ஆனா அவங்க புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணாங்க, லாரிக்கும் ஜீப்புக்கும் ரஷ்யாவ நம்பல. மெர்சிடிஸ் ஜி-கிளாஸ தியாரெத்ல, லாரிய ரூய்பால, ஃபுக்ஸ் கவச வண்டிய ஐன் ஸ்மாராலன்னு ஜெர்மன் ஆளுங்களோட சேந்து உள்ளூர்லயே அசெம்பிள் பண்றாங்க. டாங்கி ஒருத்தன்கிட்ட, சக்கர வண்டி இன்னொருத்தன்கிட்ட, ரெண்டு கடைலயும் அக்கவுண்ட். உக்ரைன் சண்டை ஆரம்பிச்சு ரஷ்யா தன் ஸ்பேர தானே தின்னுட்டு இருக்குற இந்த நேரத்துல அது எவ்ளோ நல்ல முடிவுன்னு தெரியுது.

இப்ப எனக்குப் புடிச்ச பார்ட்டுக்கு வரேன், தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சிக்காக இவங்க செஞ்ச வண்டிங்க இது, நமீபியாலயும் அங்கோலாலயும் உள்ளூர் கறுப்பின டவுன்ஷிப்லயும் என்ன வேலைக்கு ஓடுச்சுன்னு தெரியும், அத மறந்துட்டுப் பேசல. ஆனா இன்ஜினியரிங்கா பாத்தா இதுல கத்துக்க நெறைய இருக்கு. 1977 நவம்பர்ல ஐநா 418ம் தீர்மானம் போட்டு தென்னாப்பிரிக்கா மேல ஆயுதத் தடைய கட்டாயமாக்குச்சு. அதுக்கு முன்னாடியே இவங்களுக்கு வாசனை அடிச்சிருச்சு. பிரெஞ்சு பன்ஹார்ட் ஏஎம்எல்ங்குற சக்கர கவச வண்டிய லைசன்ஸ்ல வாங்கி ஈலண்ட்னு செஞ்சப்ப, கொஞ்ச வருஷத்துலயே அதோட பிரெஞ்சு இன்ஜின கழட்டிப் போட்டுட்டு, உள்ளூர்ல கெடைக்குற 2.5 லிட்டர் செவ்ரோலெட் பெட்ரோல் இன்ஜின மாட்டுனாங்க. போர் வண்டில கார் இன்ஜின்! கேக்க கேவலமா இருக்கும், ஆனா ஸ்பேர் எந்த ஊர்லயும் கெடைக்கும் பாருங்க.

அப்புறம் ராட்டல் வந்துச்சு, 6 சக்கர கவச வண்டி. ஒரே உடம்பு, மேல மட்டும் மாறும். 20 மில்லிமீட்டர் ஒண்ணு, ஈலண்டோட அதே 90 மில்லிமீட்டர் பீரங்கிய வெச்சது ஒண்ணு, மோர்ட்டர் ஒண்ணு, கமாண்ட் வண்டி ஒண்ணு. ஒரு ராட்டல் மெக்கானிக்குக்கு எல்லா ராட்டலும் தெரியும். குண்டு சப்ளையும் ஈலண்டோட ஷேர் ஆயிடுச்சு.

ஆனா என் ஓட்டு ராட்டலுக்கு இல்ல, காஸ்பிருக்கு. அடிப்பாகம் வி மாதிரி கூர்மையா இருக்கும், கண்ணிவெடி வெடிச்சா அந்த வெடியோட வேகம் ரெண்டு பக்கமும் செதறிப் போய்டும். சக்கரத்துக்கு கீழ 21 கிலோ டிஎன்டி வெடிமருந்து, வயித்துக்கு கீழ 14 கிலோ, இது தாங்கணும்னு டிசைன். அதவிட முக்கியம், ஆக்ஸில், சக்கரம் எல்லாம் அந்த கவச உடம்புக்கு வெளிய போல்ட் போட்டு மாட்டியிருக்கும். வெடிச்சா சக்கரம் பறந்து போகும், உள்ள ஆளுக்கு காது அடைக்கும், வேற ஆக்ஸில கொண்டு வந்து களத்துலயே மாட்டிட்டு கெளம்பிடலாம். வண்டி போனாலும் ஆள் மிஞ்சுவான்னு யோசிக்காம, வண்டியும் மிஞ்சணும்னு யோசிச்சிருக்காங்க. இந்தியாவும் இத வாங்கி காஷ்மீர்ல ஓட்டுச்சு, மேடக்குல செஞ்ச ஆதித்யா வண்டி இதோட வாரிசுதான்.

காஸ்பிருக்கு முன்னாடி பஃபல்னு ஒண்ணு, மெர்சிடிஸ் யூனிமாக் லாரி சேஸிஸ் மேல கட்டுனது. ஈழத்து செய்திய அந்தக் காலத்துல வாசிச்சவங்களுக்கு 'பவள் கவச வாகனம்'னா தெரியும், அது இந்தப் பஃபல்தான். இலங்கை ராணுவம் 80கள்ல தென்னாப்பிரிக்காகிட்ட வாங்கி, அப்புறம் யூனிகார்ன், யூனிபஃபல்னு தானே செஞ்சுக்கிச்சு. லாரி மேல கட்டுன வண்டிங்குறதாலதான் அது முடிஞ்சுது, ஆப்ரம்ஸ அப்படி பண்ணிப் பாக்கச் சொல்லுங்க.

இங்கதான் எனக்கு ஒரு பொறி தட்டுச்சு. பஃபல்ல இருந்தது மெர்சிடிஸ் ஓஎம் 352 டீசல் இன்ஜின். காஸ்பிர்ல இருந்ததும் அதே இன்ஜினோட டர்போ வடிவம், கேப் டவுன் பக்கத்துல அட்லாண்டிஸ்ங்குற ஊர்ல உள்ளூர்லயே செஞ்சது. இப்ப கண்டத்தோட இன்னொரு மூலைக்குப் போங்க, எகிப்துல காதர் ஃபேக்டரில செஞ்ச ஃபாஹ்த் கவச வண்டி, அதுவும் மெர்சிடிஸ் லாரி சேஸிஸ், இன்ஜின் அதே ஓஎம் 352. ரெண்டு நாட்டுக்கும் அப்ப பேச்சுவார்த்தையே கெடையாது, யாரும் மாநாடு போடல, கமிட்டி போடல, ஆனா பிஸ்டன் ரிங் ஒரே குடும்பம். ஆப்பிரிக்காவுல ஸ்டாண்டர்டு ஏற்கனவே இருக்குங்க, அது டாங்கிக்கு கீழ இல்ல, லாரிக்கு கீழ இருக்கு.

அப்ப லேண்ட் க்ரூசர்? அதான் கண்டத்தோட உண்மையான தேசிய வண்டி. 1987ல சாட் படை ஹைலக்ஸ், லேண்ட் க்ரூசர் மேல டாங்கிய அடிக்குற பிரெஞ்சு மிலான் ஏவுகணைய வெச்சுக்கிட்டு லிபியாவோட டி-55 டாங்கிங்கள ஓட ஓட அடிச்சாங்க. ஜனவரில ஃபாதால மட்டும் 90 டாங்கிக்கு மேல போச்சுன்னு சொல்லுவாங்க. மார்ச்ல வாதி தூம் விமானதளமே விழுந்துச்சு. அந்தச் சண்டைக்கே டொயோட்டா போர்னு பேரு வந்துடுச்சு. 70 சீரிஸ் லேண்ட் க்ரூசர்ல போடுற 1ஹெச்இசட் இன்ஜின், 4.2 லிட்டர், டர்போ கெடையாது, சென்சார் தொல்லை கெடையாது, ஸ்பானரும் பொறுமையும் இருந்தா போதும். ராணுவத்துக்கு, போலீஸுக்கு, ஐநாவுக்கு, எதிரிக்கு, எல்லாருக்கும் அதே வண்டி, அதனால ஸ்பேர் பிரச்சினையே இல்ல, சமயத்துல எதிரிகிட்ட இருந்தே கழட்டிக்கலாம்.

ஆனா கண்ணிவெடி முன்னாடி அது வெறும் தகரம். சோமாலியால ஆப்பிரிக்க யூனியன் படை 2007ல போய் எறங்குன பிறகு ரோட்டோர குண்டுதான் பெரிய எமனா இருந்துச்சு, அதான் உகாண்டாக்காரங்க காஸ்பிர், மாம்பான்னு வி-அடி வண்டிங்களுக்குப் போனாங்க. லேண்ட் க்ரூசருக்கே கவசம் அடிச்சா ஆச்சுல்லன்னு சில பேர் கேப்பாங்க. அடிக்கலாம், அப்புறம் அந்த எடைக்கு ஸ்பிரிங், பிரேக், கிளட்ச் எல்லாம் அழும், கடைசில தகரத்தோட லாபமும் போய் கவசத்தோட லாபமும் போய் ரெண்டுங்கெட்டானா நிக்கும்.

அதனால என்கிட்ட கேட்டா, நடுத்தர ஆப்பிரிக்க ராணுவம் ஒண்ணுக்கு நான் டாங்கிய ஸ்டாண்டர்டு பண்ண மாட்டேன். உள்ளூர்ல சிமெண்ட் மூட்டை ஏத்துற லாரி எது அதிகமா ஓடுதோ அந்த சேஸிஸ் ஒண்ணு, அதுமேல வி-அடி வண்டி, சப்ளை லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். ரோந்துக்கு கவசம் இல்லாத லேண்ட் க்ரூசர். அவ்ளோதான் சக்கரம். தென்னாப்பிரிக்க பாராமவுண்ட் கம்பெனி இதையே வேற மாதிரி விக்குது, ம்பொம்பேங்குற பேர்ல 4, 6, 8 சக்கர வண்டிங்க, 6க்கும் 8க்கும் 80 சதவீதம் பார்ட்ஸ் பொதுன்னு அவங்க விளம்பரம். அந்த 4 சக்கர வண்டிதான் இந்தியாவுல கல்யாணி எம்4. நல்ல ஐடியாதான், ஆனா அது ஒரு கம்பெனியோட குடும்பம், லாரியோட குடும்பம் இல்ல, கம்பெனிக்கு சளி புடிச்சா உங்க ராணுவத்துக்கு காய்ச்சல் வரும்.

துப்பாக்கி விஷயத்துல இன்னும் கறாரா இருக்கணும். 12.7 மில்லிமீட்டர் தோட்டான்னு ரெண்டு இருக்கு, சோவியத்தோடது 108 மில்லிமீட்டர் நீளக் கூடு, நேட்டோவோடது 99. பெட்டில ரெண்டும் 12.7ன்னுதான் இருக்கும், ஒண்ணோட தோட்டா இன்னொண்ணோட துப்பாக்கில போகாது. 7.62ல மூணு. டிரைவருக்கு வண்டி மாறுனா ரெண்டு வாரத்துல பழகிடுவான், ராத்திரி 2 மணிக்கு தப்பான பெட்டி வந்து எறங்குனா என்ன பழகுறது?

இதுல காசும் இருக்கு. ஐநா அமைதிப்படைக்கு வண்டி கொண்டு போற நாட்டுக்கு மாச வாடகை மாதிரி திருப்பித் தருவாங்க, பராமரிப்பும் உன்னோடதுன்னா ரேட் கூட. ஆனா இன்ஸ்பெக்ஷன்ல வண்டி ஓடணும், ஷோவுக்கு நின்னா காசு இல்ல. அதே மாதிரி ஆப்பிரிக்க யூனியனோட தயார்நிலைப் படை, அஞ்சு வட்டாரமா பிரிச்சு வெச்சது, அதுக்கு கேமரூன்ல டுவாலால கண்டம் முழுக்க ஒரே லாஜிஸ்டிக்ஸ் தளம், 2018 ஜனவரில தொறந்தாங்க. சரி, அந்த கோடவுன்ல என்ன ஸ்பேர அடுக்குவீங்க? 50 நாட்டோட நூறு மாடல் வண்டிக்கும் அடுக்க முடியுமா? லாரி ஃபில்டர், டயர், ரெண்டு மூணு அளவு தோட்டான்னா அடுக்கலாம்.

தென்னாப்பிரிக்காவே இத மறந்துட்டுதுதான் பாவம். ராட்டலுக்கு பதிலா பேட்ஜர்னு ஃபின்லாந்து பட்ரியா வண்டிய அடிப்படையா வெச்சு 2007ல ஆர்டர் போட்டாங்க. அத செய்ய வேண்டிய அரசு ஆயுதக் கம்பெனி டெனல் பணமில்லாம தள்ளாட, 2020கள் வந்தும் பேட்ஜர் படைக்கு ஒழுங்கா வந்து சேரல. 70கள்ல பொறந்த ராட்டல்தான் இன்னும் ஓடுது.

இப்ப நான் கண்ண வெச்சிருக்குறது மொராக்கோ மேல. டாட்டா அங்க பெர்ரெஷித்ல ஃபேக்டரி போட்டு இந்திய ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவோட சேந்து உருவாக்குன 8 சக்கர வாப் கவச வண்டிய செய்யுது, 2024ல 150 வண்டிக்கு ஒப்பந்தம், 2025 செப்டம்பர்ல ராஜ்நாத் சிங் போய் தொறந்து வெச்சாரு. நம்ம ஆளுங்க பெருமைப்படுறாங்க, படட்டும். ஆனா மொராக்கோகிட்ட ஏற்கனவே அமெரிக்க ஆப்ரம்ஸ், எம்60, சீன விடி-1ஏ, டி-72, பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-10, விஏபி, பழைய ராட்டல்கூட இருக்கு. புது வாப் எத்தனை ஓடுதுன்னு இல்ல, அது வந்த பிறகு பழசுல எத்தனைய ஷெட்ட விட்டு வெளிய தள்ளி ஸ்கிராப்புக்குப் போடுறாங்கன்னுதான் நான் பாக்கப் போறேன்.